'முழு உதவி தேவை' என்று எழுதுவதற்கு முன்

மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் ஒரு இல்லத்துக்கு, யாருக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடப் போயிருந்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவரின் படிவத்தில் 'உணவு: முழு உதவி தேவை' என்று இருந்தது. மூன்று வருடமாக அதே வரி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன். பராமரிக்கும் அக்கா சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"தானா சாப்பிடவே மாட்டாராக்கா?"

"சாப்பிடுவாரு சார். ஆனா எல்லாத்தையும் சிந்துவாரு, முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

ஆக, இல்லத்தின் ஆள் பற்றாக்குறை அவருடைய இயலாமையாகப் படிவத்தில் ஏறிவிட்டது. விடுதிகளில் தங்கியிருக்கும் மாற்றுத்திறனாளிகளின் தேவையைக் கணிக்கும்போது அதிகம் நடப்பது இந்தத் தவறுதான். மறுநாள் தட்டுக்கடியில் ஈரத்துணி விரித்தோம், ஸ்பூன் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினோம். பாதிக்கு மேல் அவரே சாப்பிட்டார். பிறகு கை சோர்ந்துவிட்டது, மிச்சத்தை அக்கா ஊட்டினார். எழுத வேண்டியது இவ்வளவையும்தான்: என்ன பொருள், எதுவரை தானாக, எங்கிருந்து உதவி. 'முழு உதவி' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு புதிதாக வருகிற ஊழியர் என்ன செய்வார்? ஊட்டத்தான் செய்வார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. 'சொன்னால் செய்வார்' என்பவரைத் 'தானாகச் செய்வார்' பக்கம் சேர்த்துவிடுவார்கள். தினமும் பத்து தடவை பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுவும் உதவிதானே? அன்றாட வேலைகளைத் தானாகச் செய்வதற்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் பார்த்தெல் அளவுகோலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். உண்பது, குளிப்பது, நடப்பது, மாடிப்படி ஏறுவது என்று உடல் சார்ந்த பத்து விஷயங்களை அது கேட்கும். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வாரா, ஆபத்து தெரியுமா என்று கேட்காது. நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, கேட் திறந்திருந்தால் நேராக மெயின் ரோட்டில் போய் நிற்பவரை நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள குறைபாட்டுச் சதவீதத்தைத் தேவையின் அளவாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. சலுகைகளுக்காக 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40% என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. அதே சட்டம் 'அதிக ஆதரவு தேவைப்படுவோர்' என்பதைத் தனியாகப் பிரித்து, அதற்குத் தனி மதிப்பீட்டுக் குழுவையும் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் தனிக் குழு எதற்கு? அறிவுசார் குறைபாட்டுக்கு நம் ஊரில் அதிகம் புழங்கும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்தியப் பதிப்பு 15 வயது வரையிலான வளர்ச்சிப் படிகளைத்தான் கேட்கிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் என்ன வேண்டும் என்று அதில் தேடிப் பயனில்லை.

நடத்தையை மட்டும் எழுதி, காரணத்தை விட்டுவிடுவார்கள். கன்னத்தில் அடித்துக்கொள்ளும் ஒரு அம்மாவுக்கு 'தன்னைத் தாக்கிக்கொள்வார், தனி ஆள் தேவை' என்று எழுதி மாத்திரையையும் கூட்டியிருந்தார்கள். அடித்துக்கொண்டது எப்போதும் இடது பக்கம். டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. வலிப்புக்கு ஃபெனிடோயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஈறு தடித்து வீங்குவதும் உண்டு. பேசத் தெரியாதவர் திடீரென்று மாறினால் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

பதினோரு மணிக்கு வந்து டீ குடித்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பும் மதிப்பீட்டில் இரவு இருக்காது. வலிப்பு வருவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஈரத்துணி மாற்றுவது எல்லாம் நைட் டியூட்டி ஆளுக்குத்தான் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் தீ என்றால் எழுந்து வெளியே வர யாருக்கு எத்தனை ஆள் வேண்டும் என்ற கேள்வியை நான் பார்த்த படிவங்களில் பெரும்பாலும் காணவில்லை. கையால் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.

போன வருடப் படிவத்தைத் தேதி மட்டும் மாற்றி நகலெடுப்பதும் சகஜம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது மிகவும் ஆபத்து. நாற்பதைத் தாண்டினால் மறதிநோய் மற்றவர்களைவிட வெகு முன்னதாகவே தொடங்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அதே மாதிரி மந்தமாகத் தெரிவார்கள். பழைய படிவம் உண்மையாக எழுதப்பட்டிருந்தால்தானே எது குறைந்தது என்று தெரியும்?

கடைசியாக, சம்பந்தப்பட்டவரிடமே கேட்காமல் விடுவது. பேச்சு வராத ஒரு பெண்மணிக்கு 'குளியல்: ஒத்துழைக்க மாட்டார்' என்று இருந்தது. இரண்டு வாளி வைத்தோம், ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பாக. பச்சைத் தண்ணீரில் விரலை வைத்ததும் கையை இழுத்துக்கொண்டார். மற்ற வாளியைக் குளியலறைப் பக்கம் அவரே இழுத்தார். 'வெந்நீர்' என்று எழுதினேன். கேஸ் செலவுக்கு யார் தருவது என்று வார்டன் கேட்டார். நியாயமான கேள்விதான், அதையும் தேவை என்ற கட்டத்திலேயே எழுதினோம்.