வாடகை விமானமா? செக் ஃபிளைட்டுக்குத் தயாராகப் போங்கள்

தனியார் விமானி உரிமம் வைத்திருக்கும் சேலத்து நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. உரிமத்தைக் காட்டியதும் சாவியைத் தந்துவிட மாட்டார்கள். சிறிய விமானத்தை வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் தங்கள் பயிற்றுநரோடு ஒரு செக் ஃபிளைட், அதாவது உங்கள் திறமையைப் பார்க்கும் சோதனைப் பறத்தல், பறக்கச் சொல்வார்கள். காப்பீட்டு நிபந்தனையும் அதைக் கேட்பதுண்டு. எத்தனை நாள் பறக்காமல் இருந்தால் மறுபடியும் செக், சேதமானால் உங்கள் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், எடைக் கணக்கையும், எவ்வளவு நீள ஓடுபாதை வேண்டும் என்ற கணக்கையும் அந்த விமானத்தின் கையேட்டை வைத்து நீங்களே போடுங்கள். நம்ம ஊர் வெயிலில் இது ரொம்ப முக்கியம். காமலாபுரம் விமான நிலையம் சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. 38 டிகிரி வெயிலில் அங்கே காற்று மெலிந்து, விமானம் கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். தரையில் ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். கிழக்கே சேர்வராயன் மலையோ 5,000 அடியைத் தாண்டுகிறது! அதனால் காலை நேரத்தையே கேளுங்கள்.

ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை), பக்கக்காற்றில் இறங்குவது, என்ஜின் நின்றால் செய்ய வேண்டியது மூன்றையும் பயிற்றுநர் சொல்லாவிட்டாலும் கேட்டுச் செய்து பாருங்கள். முடிந்ததும் உங்கள் பறத்தல்களைப் பதியும் லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.