கடலூருக்குப் புதுசா? புயலுக்கு இப்படித் தயாராகுங்கள்

கடலூரில் உங்களுக்கு இதுதான் முதல் கார்த்திகை என்றால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புயல் அடிப்பது ஒரு ராத்திரிதான், அதற்கப்புறம் கரண்ட் இல்லாமல் கிடக்கிற நாட்களுக்குத்தான் நாம் தயாராக வேண்டும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

அதனால் முதல் வேலை தண்ணீர். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பி, குடம், அண்டா, பக்கெட் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் பிடித்துவையுங்கள். காலி பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும், நிரம்பியது அசையாது.

அடுத்து மொட்டை மாடி. பூந்தொட்டி, தகரம், உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். வீட்டை ஒட்டி முருங்கை இருந்தால் கிளையைக் கழித்துவிடுங்கள், அது முறிவதற்கென்றே பிறந்த மரம்.

அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் போய்ப் பரணில் ஏறட்டும். போன், பவர் பேங்க், டார்ச் முழு சார்ஜில் இருக்கட்டும். மாத்திரை, சில்லறை நோட்டு, மாற்று சிலிண்டர். சரி.

நம்மூரில் என்ன குளிர் என்று சிரிக்க வேண்டாம். நனைந்த உடம்பில் காற்று அடித்தால் சூடு மளமளவென்று இறங்கும், கைக்குழந்தையும் வயதானவர்களும் தாங்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த துணியும் போர்வையும் கவரில் கட்டி வையுங்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள், ஜெனரேட்டரும் வெளியேதான் ஓட வேண்டும். அந்தப் புகையில் வாசனையே தெரியாத விஷ வாயு இருக்கிறது.

நடுவில் காற்று சட்டென்று நின்றால் வெளியே ஓடாதீர்கள். புயலின் கண், அதாவது காற்றே இல்லாத அதன் நடுப்பகுதி, நம் தலைக்கு மேல் இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.

மழை விட்டாலும் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அசந்துவிடக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகுதான், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக இங்கே வந்து தெருக்களை மூழ்கடித்தது. ரேடியோவில் அணைச் செய்தி கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அதைப் போனில் மட்டுமல்ல, சுவரிலும் எழுதிவையுங்கள்.