வாக்கர் நடந்தவர் அல்ல: ஆங்கிலக் குடும்பப் பெயரைத் துருவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் கடற்கரையில் ஷூ மாட்டிக்கொண்டு வேகநடை போகிறவர்களுக்கு நம் ஊரில் ‘வாக்கர்ஸ்’ என்று பெயர். நடை பழகும் குழந்தைக்கு வாங்கித் தருகிற வண்டியும் வாக்கர்தான். அதனால் வாக்கர் என்று முடியும் ஆங்கிலேயர் பெயரைப் பார்த்ததும், இவருடைய பாட்டன் பூட்டன் யாரோ ஊர் ஊராக நடந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆங்கிலேயர்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக எட்டிப்போட்டு நடக்கிறாரே ஒருவர், 1908-இல் டாம் பிரவுன் வரைந்த படம், அதுவும் இந்தச் சொல்விளையாட்டில் பிறந்ததுதான்.

உண்மையான வாக்கர் நடந்தார்தான். ஆனால் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. தொட்டிக்குள் நின்று துணியை மிதித்தார்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி அப்படியே உடுத்த ஆகாது. இழைகள் தளர்ந்திருக்கும், ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பிசுக்கு விட்டிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, ஒருவகைக் களிமண்ணும் நாள்பட்ட சிறுநீரும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். அந்தக் களிமண் வேறொன்றுமில்லை, இன்று முகத்தில் பூசிக்கொள்கிற முல்தானி மெட்டியின் இனம்தான். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா பிசுக்கைப் பிரித்துவிடும். மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கி, இழையோடு இழை பின்னிக்கொண்டு கெட்டியாகும். இந்த வேலையைச் செய்தவருக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்கெரெ’ என்று பெயர். புரட்டுவது, உருட்டுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. அதே வினைதான் பிற்பாடு ‘அங்குமிங்கும் திரிவது’ என்று திரிந்து, கடைசியில் ‘நடப்பது’ என்று ஆனது. ஆக, வேர் ஒன்றுதான். ஆனால் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது வேரின் பழைய பொருளோடு.

முதல் தவறு இதுதான்: இன்றைய அகராதியை வைத்து அந்தக் காலப் பெயரைப் படிப்பது. ஃபார்மர் என்ற பெயர் ஏர் பிடித்தவருக்கு வந்ததல்ல, வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு வந்தது. கவர்ட் என்பவரின் முன்னோர் கோழை அல்ல, மாடு மேய்த்தவர். லாங்பாட்டம் என்றால் நீண்ட பள்ளத்தாக்கு. சிரிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது, கதை கேட்க நன்றாக இருக்கிறதே என்று நம்பிவிடுவது. அரசரின் காட்டைச் சுற்றி ரோந்து நடந்த காவலர்தான் வாக்கர் என்றொரு விளக்கம் பல இடங்களில் உலவுகிறது. கம்பீரமான கதைதான், மூத்திரத் தொட்டியை விட யாருக்கும் பிடிக்கும். ஆனால் வரைபடம் வேறு கதை சொல்கிறது. துணி மிதிக்கும் இதே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், டெவன், கார்ன்வால் பக்கத்துத் தென்மேற்கில் டக்கர், வடக்கிலும் மேற்கு மத்தியப் பகுதியிலும் வாக்கர். மூன்றும் அந்தந்த வட்டாரத்தில் குடும்பப் பெயராக உறைந்தன. எக்ஸிடர் நகரில் 1471-இல் கட்டிய நெசவாளர், துணி மிதிப்போர் சங்கக் கட்டடத்துக்கு இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்றுதான் பெயர். யார்க்‌ஷயர் போன்ற கம்பளி மாவட்டங்களில் வாக்கர்கள் குவிந்திருப்பது காட்டுக்காவல் கதையால் விளங்காது, தொட்டியால் விளங்கும்.

ஸ்காட்லாந்தில் இந்தச் சொல் பெயராக மட்டுமல்லாமல் வேலையாகவே நெடுநாள் பிழைத்திருந்தது. அங்கே துணியைக் கெட்டியாக்குவதற்கு ‘வாக்கிங்’ என்றே பெயர், எழுத்துக்கூட்டல்தான் கொஞ்சம் வேறு. ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தட்டித் தட்டி ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாட்டுப் பாடுவார்கள். நம் ஏற்றப் பாட்டு, நாற்று நடவுப் பாட்டு மாதிரிதான், தாளம் தப்பினால் வேலை தப்பும். இருபதாம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது.

சரி, அப்படியானால் எல்லா வாக்கருமே துணி மிதித்தவர் வாரிசுகளா? அங்கேதான் மூன்றாவது தவறு காத்திருக்கிறது. நியூகாசில் நகரின் கிழக்கே வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய மதில் அந்தப் பக்கமாகப் போகிறது. மதிலோரச் சதுப்பு என்பது அந்த ஊர்ப் பெயரின் பொருள், தொழிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த ஊரால் பெயர் பெற்றவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘துணி மிதிப்பவர் மகன்’ என்று பொருள்படும் ஒரு பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாக்கர் ஆனவர்களும் உண்டு. இங்கிலாந்தில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் வாக்கர் முதல் 20 இடங்களுக்குள் வரும். தொட்டி இருந்த ஊரிலெல்லாம் தனித்தனியாக முளைத்த பெயர் என்பதால்தான் இத்தனை பேர். இரண்டு வாக்கர்கள் சந்தித்துக்கொண்டால் பங்காளிகள் என்று நினைக்க ஒரு காரணமும் கிடையாது.

இந்த உண்மைக்கு நேர்விரோதமான வியாபாரம் ஒன்று இருக்கிறது. ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று கேடயமும் சிங்கமும் அச்சடித்த காபிக் கோப்பை, சாவிக்கொத்து. அப்படி ஒரு சின்னமே கிடையாது. இங்கிலாந்தில் மரபுச் சின்னங்களை வழங்கும் ஹெரால்டுகளின் கல்லூரி 1484-இல் அரச பட்டயம் பெற்றது. அது சின்னத்தைத் தனி மனிதருக்குத்தான் வழங்கும், அவருடைய ஆண்வழி வாரிசுகள் அதைப் பயன்படுத்தலாம். ஒரு பெயருக்கென்று சின்னம் தருவதே இல்லை. கோப்பை பிடித்திருந்தால் காபி குடிக்க வாங்கிக்கொள்ளலாம்.

காலத்தைக் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. இங்கிலாந்தில் பரம்பரைப் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. நிலக்கிழார்களிடம் தொடங்கி, பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டுக்குள் மெல்லப் பரவியது. வடக்கே இன்னும் தாமதம். அதனால் ஒரு பழைய வரிப் பட்டியலில் ‘ஜான் வாக்கர்’ என்று இருந்தால் அது குடும்பப் பெயரா, அந்த ஆள் அன்று பார்த்த வேலையா என்று முதலில் கேட்க வேண்டும். அவர் மகன் தச்சனாகி வேறு பெயரில் பதிவாகியிருக்கலாம். மிதிக்கும் வேலையையே ஆற்றோர ஆலைகளின் மரச்சம்மட்டிகள் பிடித்துக்கொண்டன. 1185-ஆம் ஆண்டிலேயே டெம்ப்ளர் என்ற போர்வீரத் துறவிகளின் சொத்துக் கணக்கில் அப்படிப்பட்ட ஆலைகள் வருகின்றன. கால் ஓய்ந்த பிறகும் பெயர் ஓயவில்லை.

நம் வாசகர்கள் செய்யும் இன்னொரு தவறு, இதைச் சாதிப் பெயரோடு ஒப்பிடுவது. தொழிலிலிருந்து வந்த பெயர் என்பதோடு ஒற்றுமை முடிந்துவிடுகிறது. வாக்கர் வாக்கருக்குத்தான் பெண் கொடுக்க வேண்டும் என்றோ, வாக்கர் மகன் தொட்டியில்தான் இறங்க வேண்டும் என்றோ அந்தப் பெயர் யாரையும் கட்டிப்போடவில்லை.

அப்புறம், பெயர் போகிற வழியில்தான் ரத்தமும் போகும் என்ற நம்பிக்கை. இதற்கு வாக்கரை விட நல்ல உதாரணம் கிராம்வெல். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் அக்கா தங்கையரில் ஒருவர் மோர்கன் வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். அவர்கள் மகன் ரிச்சர்ட், தாய்மாமனின் செல்வாக்கைப் பார்த்து வில்லியம்ஸை விட்டுவிட்டு கிராம்வெல் ஆனார். பின்னாளில் முதலாம் சார்லஸ் அரசரின் தலையை வாங்கிய ஆலிவர் கிராம்வெல் இந்த ரிச்சர்டின் கொள்ளுப் பேரன். ஆண்வழிப்படி பார்த்தால் அவர் வில்லியம்ஸ். வாக்கர்களிலும் அமெரிக்காவில் கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர், பிறப்பால் சாரா பிரீட்லவ். 1906-இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து அவருடைய பெயரையே முத்திரையாக்கினார், பிற்பாடு மணம் முறிந்தும் பெயரை விடவில்லை.

அதே தாமஸ் கிராம்வெல்தான் ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஓர் உபகாரமும் செய்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும், அதாவது ஒவ்வொரு தேவாலய வட்டாரமும், ஏட்டில் எழுத வேண்டும் என்று 1538-இல் உத்தரவிட்டார். சாதாரணக் குடும்பத்தின் மரத்தை யாராவது அந்த ஆண்டுக்கு முன்னால் நீட்டிக் காட்டினால் சந்தேகப்படுங்கள். இன்றிலிருந்து பின்னோக்கிப் போவதுதான் வழி: 1837-இல் தொடங்கிய அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு, ஆள் பெயரெல்லாம் இருக்கும் 1841 கணக்கெடுப்பு, அதற்கும் முன்னால் பங்கு ஏடுகள். எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார்.

நம்மோடு தொடர்புள்ள ஒரு வாக்கரைச் சொல்லியாக வேண்டும். கில்பர்ட் வாக்கர், இந்தியாவின் வானிலை ஆய்வுத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவர். பசிபிக் பெருங்கடல் மேல் கிழக்கும் மேற்குமாகச் சுழலும் காற்றோட்டத்துக்கு அவர் பெயர்தான், பருவமழை பற்றிப் பேசுகிறவர்கள் ‘வாக்கர் சுழற்சி’ என்பார்களே, அது. 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுக எழுத்தர் ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் இவர்தான். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

அவர் 1868-இல் பிறந்த ஊர் லங்காஷயரின் ராக்டேல், பேர்போன கம்பளி ஊர். கம்பளி ஊரில் பிறந்த வாக்கர்! இதைப் படித்ததும் அவருடைய முப்பாட்டனைத் தொட்டிக்குள் இறக்கிவிடக் கை துறுதுறுக்கும். அவர் அப்பா பொறியாளர், குடும்பம் லண்டன் பக்கத்துக் குராய்டனுக்குப் போய்விட்டது. தாத்தா யார், அவர் எங்கிருந்து ராக்டேலுக்கு வந்தார் என்பதை ஏட்டில் தேடிப் பார்த்த பிறகு தொட்டியைப் பற்றிப் பேசலாம்.