ராத்திரிக்கு என்ன செய்யறது? தோசைக்கல்லோடு நான் சமாதானம் ஆன விதம்

சமையல் எனக்குப் பிடிக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு வேலை நேரம் மாறி, வீடு திரும்ப ஒன்பதரை ஆகும் என்றானதும் ராத்திரிச் சாப்பாடு என் தலையில் விழுந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது, அடுப்படியில் நிற்பது எனக்குக் கஷ்டமே இல்லை. ஏழு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு "இன்னைக்கு என்ன செய்யறது?" என்று முழிக்கிறோமே, அதுதான் கஷ்டம்.

அதற்கு நான் கண்ட வழி ஒன்றும் புதுசில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவாட்டுவது. நாலு பேருக்கு மூன்று ராத்திரி ஓடும். திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் லேசாகப் புளித்ததும் வெங்காய ஊத்தப்பம் இல்லையென்றால் குழிப்பணியாரம்.

மாவு

இட்லி அரிசி 4 டம்ளர், தோல் நீக்கிய முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசி 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்தையும் வெந்தயத்தையும் தனியாகப் போட்டு 2 மணி நேரம் ஊறவைத்தால் போதும்.

முதலில் உளுந்து. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து 25, 30 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அப்புறம் அரிசி, நைஸ் ரவைப் பதத்துக்கு. கல் உப்பு போட்டுக் கையால் கலக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடிவையுங்கள். (நான் முக்கால் நிரப்பினேன். காலையில் மேடையெல்லாம் மாவு.) ராத்திரி முழுக்க வெளியே இருக்கட்டும், பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குள்.

மிக்சியிலும் அரைக்கலாம், ஆனால் நான் கோயம்புத்தூர்க்காரன். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரில் உட்கார்ந்துகொண்டு மிக்சியைப் பரிந்துரைக்க மனசு வரவில்லை. ஆப்ப சோடா பற்றிக் கேட்காதீர்கள், என் வீட்டில் அதற்கு இடமில்லை.

சட்னியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மாவு அருமையாகப் பொங்கியிருந்தது. இட்லி பூவாக வந்தது. செவ்வாய்க்கிழமை தோசை ஊற்றினால் மாவு கல்லில் பரவாமல் கரண்டியோடு சுருண்டு வந்துவிட்டது. அடுத்ததைச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. நாலாவது தோசைக்கு மகள், "அப்பா, பிரெட் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். முதல் கேள்வியே, "கண்ணு, அந்தக் கல்லுல சப்பாத்தி கிப்பாத்தி போட்டியா?"

போட்டிருந்தேன். ஒரு வாரமாக அதில்தான் சப்பாத்தி. இரும்புக் கல் வழவழப்பாக இருப்பதற்குக் காரணம், எண்ணெய் சூட்டில் இறுகி அதன்மேல் படிந்திருக்கும் மெல்லிய படலம். எண்ணெயே இல்லாமல் நெருப்பைத் தூக்கி வைத்துச் சப்பாத்தி சுட்டால் அந்தப் படலம் கருகிப் போகும், மாவுப்பொடியும் ஒட்டிக்கொள்ளும். சப்பாத்திக்கு வேறு கல் வாங்கிவிடுங்கள்.

கெட்டுப்போன கல்லைத் திருப்பிக் கொண்டுவர நான் செய்தது: கருகியதைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, சிறு தீயில் புகை வரும்வரை வைத்து ஆறவிட்டேன். இதையே மூன்று நாள் செய்தேன். நான்காம் நாள் ஊற்றிய முதல் இரண்டு தோசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது சூடு. கரண்டியோடு மாவு வருகிறது என்றால் கல் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. மாவு பட்டதுமே வெந்து இறுகிவிடுகிறது, பிறகு எங்கே பரவும்? தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சொட்டுகள் உருண்டு ஓடினால் சூடு அதிகம். அப்படியே கிடந்து மெதுவாகக் கொதித்தால் இன்னும் காயவில்லை. "சொய்ங்" என்று இரண்டு நொடியில் வற்றினால் சரி. நறுக்கிய அரை வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, தீயைக் குறைத்து மாவை ஊற்றி, நடுவிலிருந்து சுற்றிப் பரப்பிய பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு தோசைக்கும் இதே ஏற்ற இறக்கம்தான். நான்ஸ்டிக்கில் இந்த வேலையெல்லாம் கிடையாது. அந்த முறுகலும் கிடையாது.

இது கைவந்த பிறகுதான் எனக்குச் சமையலறையே பிடித்தது. தோசையை எல்லோருக்கும் சுட்டு அடுக்கி வைக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் போகும். அதனால் பிள்ளைகள் இருவரும் தட்டோடு அடுப்படியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கா உனக்கா என்று சண்டை. பள்ளியில் நடந்தது முழுக்க அந்த அரை மணி நேரத்தில் என் காதுக்கு வந்துவிடும். முன்பு "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "ம்" என்பார்கள்.

பின்சேர்க்கை 1: பெங்களூரிலிருந்து ஒருவர், மாவு பொங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார். குளிர்தான் காரணம். மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். ஓவனை ஆன் செய்துவிடாதீர்கள். ஓவன் இல்லாதவர்கள் கனமான துணியால் சுற்றிவைத்து 14, 15 மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: மிக்சிக்காரர்கள் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். சரி. ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரையுங்கள். மாவு சூடானால் உளுந்து பொங்காது.

பின்சேர்க்கை 3: இண்டக்‌ஷன் அடுப்பில் நடு கருகி ஓரம் வேகவில்லையாம். அடுப்புக்குள் சூடாக்கும் கம்பிச் சுருள் நடுவில் இருப்பதால் சூடு அங்கேயே நிற்கும். குறைந்த சூட்டில் 7, 8 நிமிடம் கல்லைக் காயவிட்டுப் பிறகு ஊற்றுங்கள், தோசையையும் சிறியதாகவே ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற மாவை நேராக ஊற்றாதீர்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும், மிச்சம் உள்ளேயே இருக்கட்டும்.