பெட்டியைக் குறை சொல்லும் முன் பலகையைப் பாருங்கள்: வீட்டு மாடல் ரயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு சின்னக் கடலூர் துறைமுகம் ஜங்ஷன் வளர்ந்து வருகிறது. பன்னிரண்டு அடி நீளம், நான்கடி அகலம், இரண்டு ப்ளைவுட் பலகைகளை ஒட்டிச் செய்தது. ஒரு கார்த்திகை மாதம், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த வாரத்தில், அதில் ஓடும் பாசஞ்சரின் மூன்றாவது பெட்டி ஒரே இடத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்க ஆரம்பித்தது. சக்கரத்தை மாற்றினேன். பெட்டிக்குள் எடை வைத்தேன். பெட்டியையே மாற்றினேன். அப்புறமும் இறங்கியது.

கடைசியில் ஒரு இரும்பு ஸ்கேலைத் தண்டவாளத்தின் மேல் நெடுக்காக வைத்து, கண்ணைப் பலகையோடு ஒட்டிப் பார்த்தேன். ஸ்கேலுக்கு அடியில் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பலகைகளும் சேரும் இடத்தில் ஒன்று கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருந்தது. வேறு வேலைக்காக வந்திருந்த கார்பெண்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பலகை தண்ணி குடிச்சிருக்கு சார்" என்றார்.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பலரும் வாங்கும் ஹெச்ஓ மாடலின் அளவு 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் படி. இப்போது வரும் நல்ல ஹெச்ஓ சக்கரங்களில், தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் உள்விளிம்பின் ஆழம் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. படி அதைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் எதைப் பிடித்து நிற்கும்?

வண்டி நின்றால் என்ஜினையும், இறங்கினால் பெட்டியையும் குறை சொல்வதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நான் அதிகம் பார்க்கும் தவறு. பெரும்பாலும் கோளாறு அதற்குக் கீழே இருக்கிறது: பலகையில், தண்டவாளத்தில், ஒயரில். கடலூர், புதுச்சேரி போன்ற உப்புக் காற்று ஊர்களில் இது இன்னும் அதிகம். குளிர் தேசத்துக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் நம் ஊர் ஈரத்துக்கும் உப்புக்கும் இடம் இருக்காது.

பலகையில் தொடங்கும் தவறுகள்

மலிவான ப்ளைவுட்டை வாங்கி, மேலே மட்டும் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டுத் தண்டவாளம் பதிப்பது முதல் தவறு. ஈரம் அடியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும்தான் ஏறுகிறது. கடையில் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை கேளுங்கள். விலை கூடுதல்தான், இங்கே அது வீண் செலவு ஆகாது. 12 மில்லிமீட்டர் தடிமன், கீழே அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். மேல், கீழ், நான்கு ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமரும் பெயிண்டும் அடித்த பிறகுதான் பலகை அறைக்குள் வர வேண்டும். வெட்டிய ஓரத்துக்கு இரண்டு கோட். கால்கள் நேராகத் தரையில் நிற்க வேண்டாம், அடியில் ரப்பர் புஷ் போடுங்கள். கரையான் வரவையும் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்.

சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர்களில் ஓதம் ஏறுவது எல்லோருக்கும் தெரியும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். கைக்கு எட்டும் தூரம் வேறு இருக்கிறது. நின்றுகொண்டு கையை நீட்டி வேலை செய்ய 75 சென்டிமீட்டர்தான் எல்லை. நான்கடிப் பலகையைச் சுவரில் சாய்த்துப் போட்டு, அந்தக் கோடியில் பாதை இரண்டாகப் பிரியும் ஒரு பாயிண்ட்டையும் வைத்தால், ஒவ்வொரு தடவை பெட்டி இறங்கும்போதும் முன்னால் உள்ள வீடு, மரம் எல்லாவற்றையும் முழங்கையால் சாய்த்துக்கொண்டுதான் எட்ட வேண்டும்.

எந்த மாதத்தில் தண்டவாளம் பதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும், உலோகம் குளிர்ந்து சுருங்கியிருக்கும். கத்திரி வெயிலில் இரண்டும் தலைகீழாகும். ஒரு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி சூடு ஏறினால் கால் மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் அதே நேரத்தில் அடியில் மரமும் சுருங்குகிறது. ஐப்பசியில் இடைவெளியே விடாமல் இறுக்கிப் பதித்த பாதை சித்திரையில் பாம்பு போல நெளிவது இதனால்தான். மழைநாளில் பதித்தால் மீட்டருக்கு ஒரு இணைப்பிலாவது விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். வெயில் நாளில் பதித்தால் ஏறக்குறைய ஒட்டியே வைக்கலாம்.

என் பலகையை எப்படிச் சரிசெய்தேன் என்றால், இணைப்பின் இரு பக்கமும் ஒரு அடிக்குத் தண்டவாளத்தைக் கழற்றி, எழும்பிய விளிம்பை இழைத்து, அடியில் இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடிக்கும்படி போல்ட் போட்டேன். பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பதித்தேன். இரண்டு நாள் வேலை. முதலிலேயே போல்ட் போட்டிருந்தால் அரை மணி நேரம்.

வளைவு: ஆசையும் கணக்கும்

நம் ஊர்ப் பெட்டிகள் நீளமானவை. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், ஹெச்ஓவில் அது கிட்டத்தட்ட 24.5 சென்டிமீட்டர். புது வகையான எல்எச்பி பெட்டி 27 சென்டிமீட்டர் வரும். ஆரம்ப செட்டுகளில் வரும் வளைவுக்கு ஆரம் 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டர்தான். நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்கு ஆரம் இருந்தால் வண்டி நம்பகமாக ஓடும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு. ஐசிஎஃப் பெட்டிக்கு அது 73 சென்டிமீட்டருக்கு மேல். நான்கடிப் பலகையில் அந்த வளைவு திரும்பவே திரும்பாது.

அதனால் முதலில் பெட்டியை முடிவு செய்யுங்கள், அப்புறம் பாதையை வரையுங்கள். நான்கடிதான் இருக்கிறது என்றால் 22 அங்குல ஆரத்தில் குட்டையான கூட்ஸ் வேகன்களை ஓட்டுங்கள், அழகாகவே இருக்கும். இல்லையென்றால் 1:160 அளவான ‘N’ ஸ்கேலுக்குப் போங்கள். அகலப்பாதை என்றாலே, ஹெச்ஓவில் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் இடைவெளி டிராக்கில் மனம் ஒப்பாத நண்பர்கள் உண்டு. நம் 1676 மில்லிமீட்டர் பாதை 1:87-இல் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவுக்குப் பாதையையும் சக்கரத்தையும் கையாலேயே செய்ய வேண்டியிருக்கும். பலகை, பாதை, ஊர் எல்லாம் சேர்ந்த முதல் லேஅவுட்டிலேயே அதில் இறங்கினால் வண்டி ஓடும் நாளே வராது. 16.5-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010-இல் அகலப்பாதையாகத் திறக்கப்படுவதற்கு முன் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகள்மேல் பிரியம் உள்ளவர்களுக்கு 12 மில்லிமீட்டர் டிராக் பொருந்தும்.

வட்டமாக ஓட்டினால்தான் மாடல் ரயில் என்று நினைப்பதும் தவறு. புதுச்சேரி ஸ்டேஷனைப் பாருங்கள். விழுப்புரத்திலிருந்து 1879-இல் போட்ட பாதை அங்கேயே முடிகிறது. வண்டி வந்து நிற்க, என்ஜின் கழன்று, பக்கத்து லைன் வழியாகச் சுற்றி வந்து மறுமுனையில் மாட்டிக்கொள்ளும் வேலையை மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள ஷெல்பில் செய்துவிடலாம். வளைவுப் பிரச்சினையே இல்லை. இதில் பலரும் மறப்பது ஒன்றுதான். பாதை முடியும் இடத்தில், கடைசி பாயிண்ட்டுக்கு அப்பால் என்ஜின் நிற்க இடம் வேண்டும். டபிள்யூடிஎம்-2 டீசல் என்ஜின் ஹெச்ஓவில் 20 சென்டிமீட்டர், ஆகவே 25 சென்டிமீட்டர் விடுங்கள்.

இன்னொன்று: இடப்பக்க வளைவு முடிந்த உடனே வலப்பக்க வளைவு தொடங்கக் கூடாது. நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப் பாதை இருக்கட்டும்.

இரண்டு ஒயரை நம்பாதீர்கள்

செட்டோடு வரும் இரண்டு ஒயரை ஓரிடத்தில் மாட்டிவிட்டு, மீதித் தூரத்துக்குத் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினர்களே மின்சாரம் கடத்தும் என்று விடுவது எல்லோரும் செய்வது. முதல் மூன்று மாதம் ஓடும். நம் கடற்கரையில் அதற்குள் ஜாயினருக்குள் களிம்பு படிந்துவிடும். என்ஜின் தூரத்துக் கோடியில் மெதுவாகி, ஜன்னல் விளக்கு மினுக்கி, நின்றுவிடும். பித்தளைத் தண்டவாளம் இன்னும் சீக்கிரம் கறுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர்தான் இங்கே தாங்கும். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இரண்டு நிறத்தில் பலகைக்கு அடியில் முழு நீளத்துக்கு ஓட்டுங்கள். அதிலிருந்து மெல்லிய ஒயர்களை ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக சால்டர் செய்யுங்கள். சால்டர் பிடிக்க உதவும் பசையில் ரோசின் பிளக்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள். பாத்திரம் ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் ஆசிட் பிளக்ஸ் இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், உப்புக் காற்று அதற்குத் துணை போகும். டிசிசி என்ற டிஜிட்டல் கன்ட்ரோல் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே அதை வெட்ட வேண்டும். எந்த இடத்தில் வெட்டவில்லையோ அங்கே ஒயர் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒருநாள் ஷார்ட் ஆகி சக்கரமும் பிளாஸ்டிக்கும் உருகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட் என்றால் பிளக்கில் சொருகும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் அது நொடியில் எரியும். 100–240 என்று இருந்தால் பயமில்லை. இது தெரியாமல் பிறந்தநாள் பரிசு புகைந்துபோன வீடு ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பையனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கடற்கரை மணல்

தேவனாம்பட்டினத்தில் அலை பின்வாங்கியதும் ஈர மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும். அது கருமணல், காந்தத்துக்கு ஒட்டும். இந்த மணலை அள்ளி வந்து ஸ்லீப்பர்களுக்கு நடுவில் ஜல்லியாகத் தூவினால், என்ஜின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அந்தத் துகள்களை இழுத்துக்கொள்ளும். கியரும் மோட்டாரும் கெடும். மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது அடுத்த தொல்லை. பார்வைக்கும் பொருந்தாது, ஏனென்றால் கடல் மணல் உருண்டையானது, ஜல்லி கோணல்மாணலான உடைகல். ரயில்வே ஜல்லியில் பெரிய கல் 65 மில்லிமீட்டர், ஹெச்ஓவில் முக்கால் மில்லிமீட்டர். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டைத் தேயிலை வடிகட்டியில் சலித்து, கழுவி, காயவைத்து எடுத்தால் அளவும் நிறமும் சரியாக இருக்கும். அதையும் ஒரு தாளில் பரப்பி மேலே காந்தத்தை இரண்டு முறை ஓட்டிவிடுங்கள்.

ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. முதலில் ஜல்லியைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, டிராப்பரால் பசையை விடுங்கள். பாயிண்ட்டின் நகரும் நாக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் பசையே வேண்டாம், ஒரு சொட்டு போனாலும் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும்.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாக்கெட்டில் வரும் பைன் மரங்களை நட்டுவிட்டுக் கடலூர் என்று பெயர்ப்பலகை வைத்தால் கண்ணுக்கு ஒட்டாது. நம் பாதை ஓரத்தில் இருப்பவை பனையும் சவுக்கும் தென்னையும். கேப்பர் மலைச் செம்மண் ஒரு கைப்பிடி, சலித்து, காந்தம் காட்டித் தூவிப் பாருங்கள். எந்தப் பெயிண்ட்டாலும் வராத நிறம்.

சுத்தம் செய்வதில் கெடுப்பது

கறுத்த தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அன்றைக்குப் பளபளக்கும். தேய்த்த கீறல்களுக்குள் அழுக்கு சேர்ந்து அடுத்த வாரம் முன்பைவிட மோசமாகும். பழைய பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே போதும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. சக்கரங்களையும் துடைக்க வேண்டும், அழுக்கைப் பாதை முழுக்கக் கொண்டுபோவது அவைதான். என்ஜினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழிக் காலையில் அது உறைந்து நிற்கும், நாளானால் பிசினாகும். பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாத மாடல் ரயில் எண்ணெய், ஊசி முனையளவு, அச்சுகளில் மட்டும். மழை மாதங்களில் தினமும் பத்து நிமிடம் வண்டியை ஓட்டுங்கள், மற்ற நேரத்தில் பருத்தித் துணியால் மூடி வையுங்கள். பாலிதீன் ஷீட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்.

லேஅவுட்டை நீட்ட நினைப்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. உங்களிடம் உள்ள நீளமான பெட்டி வரிசையை, என்ஜின் பின்னாலிருந்து தள்ள, பின்னோக்கிப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். முன்னோக்கி இழுக்கும்போது மறைந்திருக்கும் கோளாறெல்லாம் தள்ளும்போது வெளியே வரும். ஒரு பெட்டி இறங்கினாலும் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைச் சரிசெய்த பிறகே புதுப் பலகை.

என்னுடையதில் கெடிலம் பாலம் வர வேண்டிய இடம் இன்னும் வெறும் பலகைதான். போன ஞாயிற்றுக்கிழமை ஏழாவது சுற்றில் ஒரு பெட்டி இறங்கியது. பழைய இணைப்பில் இல்லை, பாயிண்ட்டுக்கு ஒரு சாண் முன்னால். கோடு போட்டு வைத்திருக்கிறேன்.