பழைய வினாத்தாள்களை வைத்து எச்2 கணிதத் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

எச்2 என்பது சிங்கப்பூர் ஏ-லெவல் தேர்வில் ஒரு பாடத்தை முழு அளவில் எடுக்கும் நிலை. தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பு ஒன்றாவது கிடக்கும். வாங்கியவர்கள் பலர், செய்து முடித்தவர்கள் சிலர், முடித்தும் பலன் கண்டவர்கள் அதிலும் சிலர். கணக்கைப் போடுகிறார்கள், பின்பக்கம் புரட்டி விடையைப் பார்க்கிறார்கள், சரி என்றால் ஒரு கோடு, தவறு என்றால் ‘ஓ, இதுதானா’ என்று ஒரு பெருமூச்சு, அடுத்த கணக்கு. இப்படி நூறு கணக்கு போட்டாலும் கை வலிதான் மிச்சம். வினாத்தாளைச் செய்வதைவிட அதைத் திருத்துவதில்தான் படிப்பு நடக்கிறது என்பது என் கட்சி. அதனால் கீழே திருத்தும் பகுதி மட்டும் நீளமாக இருக்கும்.

முதல் படி: பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள்

சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் இணையத்தளத்தில் எச்2 கணிதப் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. குறியீடு 9758. நீங்கள் தேர்வு எழுதும் ஆண்டுக்கு உரியதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். முதல் தாள் முழுக்கத் தூய கணிதம். இரண்டாம் தாளில் தூய கணிதத்துக்கு 40, நிகழ்தகவுக்கும் புள்ளியியலுக்கும் 60.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அக்காவோ அண்ணனோ பயன்படுத்திய பழைய தொகுப்பை வைத்துக்கொண்டு மாரடிப்பவர்கள் உண்டு. 9758 வழித் தேர்வு 2017இல் தொடங்கியது. அதற்கு முந்தைய 9740 தாள்களில் இண்டக்‌ஷன் நிறுவல், பாய்சான் பரவல், டி-சோதனை எல்லாம் வரும். உங்களுக்கு அவை கிடையாது. புரியவில்லையே என்று கலங்க வேண்டாம், பென்சிலால் அடித்துவிட்டு மேலே போங்கள். வெக்டர், தொகையீடு போன்ற பகுதிகளுக்கு அந்தப் பழைய தாள்கள் இன்றும் நல்ல பயிற்சிதான்.

இரண்டாம் படி: எந்தத் தொகுப்பு?

ஆண்டு வாரியாக அடுக்கியது, தலைப்பு வாரியாகப் பிரித்தது என இரண்டு வகை உண்டு. புத்தகக் கடைகள் இருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஏறி இறங்கினால் இரண்டையும் பார்க்கலாம். தலைப்பு வாரியானதை முதலில் வாங்குங்கள். பின்னால் இருக்கும் விடைகள் பதிப்பகத்தார் எழுதுவித்தவை, தேர்வாளர் எழுதியவை அல்ல. அவற்றிலும் பிழை இருக்கும். உங்கள் விடை வேறாக வந்து, இரண்டு முறை சரிபார்த்தும் மாறவில்லை என்றால் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

மூன்றாம் படி: கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களைப் பூட்டி வையுங்கள்

அண்மைய இரண்டு ஆண்டுகளின் தாள்களை பிரிலிம் தேர்வு, அதாவது ஏ-லெவலுக்கு முன் கல்லூரியே வைக்கும் முன்னோட்டத் தேர்வு, முடியும்வரை தொடாதீர்கள். தலைப்பு வாரியான புத்தகத்திலும் அந்த ஆண்டுக் கணக்குகளைக் குறித்துவைத்துத் தாண்டிச் செல்லுங்கள். ஒரு முறை பார்த்த கணக்கை வைத்து உங்கள் நிலையை அளக்க முடியாது.

நான்காம் படி: தலைப்பு வாரியாகத் தொடங்குங்கள்

ஜூன் விடுமுறைவரை இதுதான் வேலை. கல்லூரியில் ஒரு தலைப்பு முடிந்ததும் அதிலிருந்து ஐந்தாறு கணக்குகள். குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுச் செய்ய வேண்டும். தேர்வில் தரப்படும் சூத்திரப் பட்டியல் மட்டும் மேசையில் இருக்கலாம். எந்தச் சூத்திரம் அதில் இருக்கிறது, எது இல்லை என்பது இப்போதே கைக்குப் பழகிவிடும்.

ஐந்தாம் படி: முழுத்தாள், முழு நேரம்

180 நிமிடம், 100 மதிப்பெண். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். ஐந்து மதிப்பெண் பகுதிக்கு ஒன்பது நிமிடம். அதற்கு மேல் ஓடினால் இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். நடைமுறை வாழ்வை ஒட்டிய நீளமான கணக்குகள் ஒவ்வொன்றும் குறைந்தது 12 மதிப்பெண் பெறும். அவற்றுக்கு 20 நிமிடத்துக்கு மேல் தேவை. வாசித்துப் புரிந்துகொள்ளவே இரண்டு மூன்று நிமிடம் போகும். பலர் இந்தக் கணக்குகளில் தடுக்குவது கணிதத்தால் அல்ல, கடைசியில் அவசரமாகத் தொடுவதால்.

வட்டார நூலகமோ வீட்டு மேசையோ, எங்கே உட்கார்ந்தாலும் சரி. சாங்கி விமான நிலையம்வரை போய்ப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், குளிர்சாதனம் இலவசம் என்று. கைப்பேசி அணைந்திருந்தால் போதும்.

ஆறாம் படி: திருத்துங்கள், தேர்வாளரின் கண்ணோடு

மூன்று மணி நேரத் தாளுக்குத் திருத்த அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். அன்றே வேண்டாம், மறுநாள். வேறு நிறப் பேனா.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அரிசிப் பொட்டலங்களின் எடை இயல்நிலைப் பரவலில் அமைகிறது. சராசரி 500 கிராம், திட்ட விலக்கம் 8 கிராம். முதல் பகுதி: ஒரு பொட்டலம் 490 கிராமுக்குக் குறைவாக இருக்கும் நிகழ்தகவு என்ன? கால்குலேட்டர் 0.10565 என்கிறது. விடையை மூன்று முக்கிய இலக்கத்துக்குத் தர வேண்டும், எனவே 0.106. சரி. அடுத்த பகுதி: தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த 40 பொட்டலங்களில் ஒன்றுகூட 490க்குக் குறையாதிருக்கும் நிகழ்தகவு? இப்போது 0.106ஐ ஒன்றிலிருந்து கழித்து 40ஆம் அடுக்கு எடுத்தால் 0.0113 வருகிறது. இலக்கம் குறைக்காத 0.10565ஐ வைத்து எடுத்தால் 0.0115.

இதைத் துணைப்பாடத்தில் ஒரு தம்பியிடம் சுட்டிக்காட்டியபோது, “வழி சரிதானே அண்ணா, கடைசி இலக்கம்தானே மாறியிருக்கிறது?” என்றான். வழி சரிதான் தம்பி, ஆனால் கேட்ட துல்லியத்துக்கு விடை வரவில்லை. இடைக்கணக்கில் ஐந்து இலக்கமாவது வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கால்குலேட்டரின் நினைவிலேயே விட்டுவிட வேண்டும். விடைப்பக்கத்தில் 0.0115 என்று மட்டும் போட்டிருப்பார்கள். நீங்கள் எங்கே சறுக்கினீர்கள் என்பதை அது சொல்லாது. உங்கள் வரிகளை மேலிருந்து கீழாக நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

விடை சரியாக இருக்கும் கணக்கையும் திருத்துங்கள். கால்குலேட்டர் விசைகளின் பெயரை அப்படியே தாளில் எழுதிவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வழிமுறை காட்ட வேண்டிய இடத்தில் கணிதக் குறியீட்டில்தான் எழுத வேண்டும், கால்குலேட்டர் கட்டளையாக அல்ல. இது வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை. ‘நிறுவுக’ என்று கேட்ட இடத்தில் விடையைக் கேள்வியே தந்துவிடுகிறது. அங்கே மதிப்பெண் முழுவதும் நடுவில் இருக்கும் வரிகளுக்குத்தான். இரண்டு வரி தாவினால் அதற்குரியது போய்விடும்.

ஏழாம் படி: தவறு ஏடு

ஒரு மெலிந்த நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு வரி: எந்த ஆண்டு, எந்தக் கணக்கு, என்ன நடந்தது. ‘கவனக்குறைவு’ என்று எழுதாதீர்கள், அது ஒன்றும் சொல்லாத சொல். ‘தளத்தின் செங்குத்து வெக்டரை எடுத்துவிட்டு, கோட்டுக்கும் தளத்துக்கும் இடையிலான கோணம் கேட்டபோது 90இலிருந்து கழிக்க மறந்தேன்’ என்று எழுதினால் பயன் உண்டு. விஷயமே தெரியாதது, தெரிந்தும் எப்படித் தொடங்குவது என்று விளங்காதது, தெரிந்தும் கை தவறியது என்று ஓரத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு விரிவுரைக் குறிப்புகளுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் வகைக்கு விடையின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை மூடிக்கொண்டு செய்யுங்கள். மூன்றாவதற்கு அடுத்த தாளில் அந்த இடம் வரும்போது நின்று பார்ப்பதுதான் மருந்து.

இரண்டு வாரம் கழித்து, தவறிய கணக்குகளை மட்டும் வெற்றுத்தாளில் மறுபடி போடுங்கள். புதுத் தாள் ஒன்றைத் திறப்பதைவிட இதற்கே நான் முதலிடம் தருவேன்.

எட்டாம் படி: மற்றக் கல்லூரிகளின் பிரிலிம் தாள்கள்

செப்டம்பர் வாக்கில் இவை கைக்குக் கை மாறத் தொடங்கும். சில, உண்மைத் தேர்வைவிடக் கடினமானவை. மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அச்சடித்துக் குவிப்பதும் வீண். தவறு ஏட்டில் எந்தத் தலைப்பு அதிகம் வருகிறதோ அந்தக் கணக்குகளை மட்டும் பொறுக்கிச் செய்யுங்கள். பூட்டி வைத்த இரண்டு ஆண்டுத் தாள்களை அக்டோபரில் வெளியே எடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டின் இரு தாள்களுக்கும் இடையே ஒருசில நாள் விட்டால் திருத்த நேரம் கிடைக்கும்.

எச்2வைவிடச் சிறிய எச்1 நிலையில் கணிதம் எடுத்திருப்பவர்களுக்கு ஒரே தாள், மூன்று மணி நேரம், 100 மதிப்பெண். அதில் 60 நிகழ்தகவுக்கும் புள்ளியியலுக்கும். ஆகவே தலைப்பு வாரியான பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள், மேலே சொன்ன அரிசிப் பொட்டலக் கணக்கு உட்பட.