மிச்சத் துணியில் முதல் போர்வை: வெட்டுவதில் தொடங்கி விற்பது வரை

வீட்டில் துணி தைக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மூட்டை இருக்கும். சட்டை வெட்டியதில் மிஞ்சியது, கவுன் தைத்ததில் மிஞ்சியது, தலையணை உறைக்கு வாங்கியதில் ஒரு முழம். தூக்கிப் போட மனம் வராது, வேறு எதற்கும் போதாது. அந்த மூட்டையைப் பிரித்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம் வாருங்கள். நேராக ஒரு தையல் போடத் தெரிந்தால் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விற்கும் எண்ணம் இருந்தாலும் முதல் இரண்டு மூன்று போர்வைகள் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான். தைத்து முடித்த அன்று எல்லாப் போர்வையும் அழகாகத்தான் இருக்கும். நாலு முறை துவைத்த பிறகுதான் எந்தத் தையல் நிற்கிறது, எது பிரிகிறது, எந்தச் சாயம் ஓடுகிறது என்று தெரியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்தவரிடம் காசு வாங்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

என்ன அளவு?

5 அங்குலச் சதுரங்கள், வரிசைக்கு 8, மொத்தம் 10 வரிசை. ஆக 80 சதுரம். தைத்து முடித்தால் சுமார் 36½ அங்குல அகலம், 45½ அங்குல நீளம் வரும். உட்காரும்போது மடியில் போட்டுக்கொள்ளலாம், குழந்தை விளையாடத் தரையில் விரிக்கலாம். ஆசைப்பட்டுக் கட்டில் அளவில் ஆரம்பிக்காதீர்கள். மெஷினில் ஊசிக்கு வலப்புறம் இருக்கும் இடைவெளிக்குள் பாதிப் போர்வையைச் சுருட்டி நுழைக்க வேண்டியிருக்கும். சின்னதில் கை பழகிவிட்டால் பெரியதை அடக்கத் தெரிந்துவிடும்.

துணி

எல்லாம் பருத்தியாக, ஏறக்குறைய ஒரே கனமாக இருக்கட்டும். இழுத்தால் நீளும் பனியன் துணியும் நெய்த துணியும் ஒரே போர்வையில் சேராது. பழைய உடுப்பிலிருந்து வெட்டுவதானால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அக்குள், முழங்கால், காலர் மடிப்பு எல்லாம் நைந்து கண்ணாடி மாதிரி தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு முதுகுப் பகுதியை எடுங்கள்.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்துக் காயவைத்துவிட வேண்டும். பருத்தி சுருங்கும், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில். அடர்ந்த சிவப்பு, கருநீலம், கறுப்பு இந்த மூன்றையும் தனியாகச் சோதியுங்கள்: துணியை நனைத்து, ஒரு வெள்ளைத் துண்டுக்குள் வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி வேண்டாம். நான் தைத்த இரண்டாவது போர்வையில் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு சிவப்பைச் சேர்த்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே பக்கத்துச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. இருபது மணி நேர உழைப்பு.

இழை பார்த்து வெட்டுவது

நெய்த துணியைக் கரையோரமாக நீளவாக்கில் இழுத்தால் அசையாது. அகலவாக்கில் இழுத்தால் லேசாகக் கொடுக்கும். மூலைவாட்டில் இழுத்தால் நன்றாக நீளும். சதுரத்தின் நான்கு பக்கமும் இழையோடு ஒட்டி ஓடினால்தான் தைக்கும்போது கோணாது.

கரை இல்லாத மிச்சத் துண்டில் இழையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை ஊசி முனையால் தூக்கி மெதுவாக இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும், நூல் உருவியதும் அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். அதுதான் இழை. அந்தக் கோட்டில் அளவு அட்டையை வைத்து வரைய வேண்டியதுதான்.

அளவு அட்டைக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைத்தான் சிபாரிசு செய்வேன். சரியாக 5 அங்குலத்துக்கு வெட்டிக்கொண்டால் விளிம்பு தேயாது, ஓரளவு ஊடுருவித் தெரிவதால் பூவோ கட்டமோ எங்கே விழுகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். பென்சில் கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே வெட்டினால் கோட்டின் தடிமன் அளவுக்குச் சதுரம் பெருத்துவிடும். துணி வெட்டும் கத்தரிக்கோலில் காகிதம் வெட்டாதீர்கள், முனை மழுங்கிவிடும்.

மெஷினைத் தயார் செய்வது

புது ஊசி போடுங்கள், 14-ம் நம்பர். தையல் நீளம் 2½ மில்லிமீட்டர். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றிவிடுவது நல்லது. மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காது, குத்தி இழுக்கும்.

நூல் கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வையுங்கள். புதிதாகத் தைப்பவர்கள் பலர் தவறுவது இங்கேதான். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ஃபுட் மேலே இருக்கும்போதுதான் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் திறந்து நூலை உள்ளே விடும். ஃபுட்டை இறக்கி வைத்துக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே நின்றுவிடும், தைத்தால் துணிக்கு அடியில் கூடு கட்டும். கீழே கட்டுவதால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். கோளாறு மேல் நூலில் இருக்கும்.

இரண்டு மடிப்புத் துணியில் தைத்துப் பாருங்கள். ஊசி நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதுதான் மெஷின் தையல். எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கிய மெஷினும் இப்படிப் பூட்டித்தான் தைத்தது. அந்தப் பூட்டு இரண்டு துணிக்கும் நடுவில் ஒளிந்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் மேல் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டென்ஷனைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பாபின் நூல் மேலே எட்டிப் பார்த்தால் குறையுங்கள்.

கால் அங்குலம்

ஒட்டுத்துணிப் போர்வையில் ஓரம் விடுவது கால் அங்குலம்தான். உடுப்பு தைக்கும்போது அரை அங்குலமோ அதற்கு மேலோ விட்டுப் பழகிய கைக்கு இது ஒட்டாது. ஊசியை இறக்கி, ஊசி முனையிலிருந்து வலப்பக்கம் கால் அங்குலம் அளந்து, மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப்பை ஐந்தாறு அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணியின் விளிம்பு அந்தச் சுவரில் உரசிக்கொண்டே போகட்டும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, சுவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு சதுரத்தைத் தைத்து அளந்து பாருங்கள். சரியாக 9½ அங்குலம் வர வேண்டும். ஒரு நூல் கூடக் குறைய இருந்தால் என்ன என்று தோன்றும். தையல் அரைக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/16 அங்குலம் தள்ளிப் போனால் இரண்டு துணியிலும் சேர்த்து 1/8 போகும். வரிசைக்கு 7 தையல். முக்கால் அங்குலத்துக்கு மேலேயே காணாமல் போய்விடும். ஒரு வரிசையில் ஒரு மாதிரி, அடுத்த வரிசையில் வேறு மாதிரி பிசகினால் வரிசைகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. டேப்பை நகர்த்தி நகர்த்தி 9½ வரும்வரை சோதியுங்கள். இதற்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

அடுக்குவதும் சேர்ப்பதும்

80 சதுரத்தையும் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். நிறம் போய், எது வெளிர், எது அடர் என்பது மட்டும் தெரியும். ஒரு மூலையில் மட்டும் அடர்ந்தவை குவிந்திருந்தால் மாற்றி வையுங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையையும் அடுக்கி, நம்பர் எழுதிய சீட்டைக் குத்திவிடுங்கள்.

நல்ல பக்கங்கள் முகம் பார்க்க வைத்து, இரண்டிரண்டாகத் தையுங்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை ஃபுட்டுக்குள் விட்டுவிடலாம். தோரணம் போல வரும், அப்புறம் ஒன்றாக வெட்டிக்கொள்ளலாம். நேரமும் மிச்சம், நூலும் மிச்சம்.

ஜோடிகளை ஒன்றோடொன்று சேர்த்து வரிசை முடிந்ததும் இஸ்திரி. இங்கே தேய்க்கக் கூடாது, பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி நீண்டுவிடும். ஒற்றைப்படை வரிசைகளில் தையல் ஓரங்கள் எல்லாம் வலப்பக்கம் சாயட்டும், இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கம்.

ஏன் என்பது வரிசைகளைச் சேர்க்கும்போது தெரியும். முதல் வரிசையை இரண்டாவதின் மேல் வைத்து, இரண்டு தையலும் சந்திக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக உருட்டிப் பாருங்கள். இரண்டு மேடுகளும் எதிரெதிராகச் சாய்ந்திருப்பதால், ஒன்றின் பள்ளத்தில் மற்றது போய் உட்காரும். உட்கார்ந்ததும் விரலுக்குக் கீழே மேடு மறைந்து தட்டையாகிவிடும். அந்த இடத்தில் குண்டூசி குத்திவிட்டால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் கூடும். கண்ணை மூடிக்கொண்டுகூட இதைச் செய்யலாம். விரல் சொல்வதை நம்புங்கள். தைக்கும்போது ஊசி நெருங்கியதும் குண்டூசியை எடுத்துவிட வேண்டும்.

மூன்று அடுக்கு

அடித்துணியையும் நடுவே வைக்கும் பஞ்சு ஷீட்டையும், தைத்து முடித்த ஒட்டுத்துணியான மேல்துணியைவிட நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள், அதாவது 41 × 50 வாக்கில். பஞ்சு ஷீட் கிடைக்காவிட்டால் பழைய மெல்லிய கம்பளி அல்லது ஃபிளானல் போதும். துவைத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் நிற்க வேண்டும், ஆனால் இழுத்து விறைப்பாக்கக் கூடாது. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டு, ஒரு கையகலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்று என்று கணக்கு வைத்தால் 80 ஊக்கு. சிக்கனம் பார்க்காதீர்கள்.

இனி மூன்றையும் சேர்த்துத் தைப்பது. தையல் நீளத்தை 3 மில்லிமீட்டர் ஆக்குங்கள். போர்வையின் நடுவே ஓடும் தையலில் ஆரம்பித்து, அதற்குக் கால் அங்குலம் தள்ளி இரண்டு பக்கமும் நேர்கோடு. அப்புறம் வலப்பக்கக் கோடுகள், பிறகு திருப்பி இடப்பக்கம். நீளவாக்கில் முடித்துவிட்டு அகலவாக்கில். ஓரத்தில் தொடங்கினால் தள்ளிக்கொண்டு வந்த துணியெல்லாம் நடுவில் கொசுவமாக நின்றுவிடும். மேசைக்கு வெளியே போர்வை தொங்கக் கூடாது, அந்தக் கனமே தையலை இழுத்துக் கோணலாக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தாங்குங்கள். இரண்டு மூன்று கோட்டுக்கு ஒருமுறை திருப்பி அடித்துணியைப் பாருங்கள். மடிப்பு விழுந்திருந்தால் அந்த இடத்தை அப்போதே பிரித்துத் தைத்துவிடுங்கள்.

தையலுக்கும் தையலுக்கும் அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சு பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கும்போது பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகும்.

மெஷினில் கனம் ஏறவில்லை என்றால் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் கைத்தையல் போர்வையின் மிருதுவுக்கு ஈடு கிடையாது.

ஓரப் பட்டி

ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் மேல்துணியோடு சமமாக வெட்டிவிடுங்கள். சுற்றளவு 164 அங்குலம், மூலைக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 176 வேண்டும். 42 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டிகள் ஐந்து வெட்டிச் சாய்வாக இணைத்தால் போதும். நேரான ஓரத்துக்கு நேர்ப்பட்டியே சரி, வளைவான ஓரத்துக்குத்தான் மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் பட்டி. பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். பட்டியின் ஒரு முனையை உள்ளே மடித்து வைத்துத் தொடங்குங்கள், சுற்றி வந்ததும் மறுமுனையை அதற்குள் செருகிவிடலாம்.

பட்டியின் வெட்டு விளிம்பு போர்வையின் விளிம்போடு சேர, மேல்பக்கத்தில் கால் அங்குலத்தில் தைத்துக்கொண்டு வாருங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு நூலை வெட்டுங்கள். பட்டியை நேர் மேலே தூக்கி மடியுங்கள், சாய்வாக ஒரு மடிப்பு விழும். அதை விரலால் பிடித்தபடியே பட்டியைக் கீழே இறக்கி மடியுங்கள், இந்த இரண்டாவது மடிப்பு மேல் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அங்கிருந்து அடுத்த பக்கத்தைத் தையுங்கள். பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாகவே கூர்மையாக நிற்கும். பின்பக்கத்தைக் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள்.

துவைத்து, பிறகு விற்பது

போர்வையை அளந்து எழுதிவைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, பரத்திக் காயவைத்து மறுபடி அளங்கள். பருத்திப் பஞ்சு வைத்திருந்தால் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சகஜம். மெல்லிய சுருக்கங்கள் வரும், அதுதான் அழகு. விற்கும்போது துவைத்த பிறகு இருக்கும் அளவையே சொல்லுங்கள்.

விலைக்கு மணி நேரத்தை எழுதிவையுங்கள். எனக்கு வெட்ட 3, சேர்க்க 6, அடுக்க 2, மூன்றையும் தைக்க 5, பட்டிக்கு 4, ஆக 20 மணி நேரம். துணி, பஞ்சு, நூல் செலவோடு இந்த 20 மணி நேரக் கூலியும் சேர்ந்ததுதான் விலை. மிச்சத் துணிதானே என்று துணிக்குக் கணக்குப் போடாமல் விட்டால், அடுத்த போர்வைக்குத் துணி வாங்கும்போது கையைக் கடிக்கும்.

குழந்தைக்கென்று கேட்பவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை. முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். எனவே இது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது விரித்து விளையாட விட மட்டும். இதைச் சொன்னதற்காக ஒருவர் வாங்காமல் போனாலும் போகட்டும்.

பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணிச் சீட்டு: என்ன துணி, என்ன பஞ்சு, எப்படித் துவைப்பது. கூடவே அதே துணிகளில் நான்கு சதுரங்களை வெட்டி ஒரு உறையில் போட்டுக் கொடுங்கள். பின்னாளில் எங்கேனும் கிழிந்தால் அவர்களே மேலே வைத்து ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்.